கிரேனுக்கு எடுத்த ஈயம்

அந்தக் கிரேன் என்னிடம் வந்தபோது அதன் கை ஒன்பது அங்குலம். நான் அதை முப்பத்தோர் அங்குலமாக நீட்டினேன். நான் கூட்டிய இருபத்திரண்டு அங்குலத்தால், கொழுந்து லோரி ஓட்டிய ஒரு மனிதருக்கு வேலை போனது, வீடு போனது, பேரும் போனது. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதியில் மலேசியாவில் கேமரன் மலையின் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். கொழுந்து வெட்டும் கத்தரி, கூடை, மருந்தடிக்கும் பம்பு, ஆணி, கயிறு எல்லாம் என் பொறுப்பு. ஒவ்வொரு சாமானும் எத்தனை இருக்கிறது என்று பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும். எண்ணுவது எனக்கு வேலையாக வந்ததல்ல, பிறவியிலேயே இருந்தது. வீட்டுக் கதவிலிருந்து ஸ்டோர் கதவுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு எட்டு. மழை பெய்தால் முந்நூற்று இருபது, நடுவில் தேங்கும் தண்ணீரைச் சுற்றிப் போக வேண்டும் என்பதால். இதையெல்லாம் எண்ணி என்ன ஆகப்போகிறது என்று என் மனைவி கேட்பாள். ஒன்றும் ஆகாது என்பது எனக்கும் தெரியும்.

கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பியபோது பங்களா சாமான்களைத் தோட்டத்து ஆட்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மேசை நாற்காலியெல்லாம் எனக்கு முன்னால் வந்தவர்களுக்குப் போய்விட்டன. எனக்கு ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தது. அதற்குள் துரை மகன் விளையாடி ஓய்ந்த கிரேன் பொம்மை. வார்ப்பு இரும்பில் செய்தது, நல்ல கனம். டயருக்குப் பதிலாக இரண்டு பக்கமும் சங்கிலிப் பட்டை. மஞ்சள் வண்ணம் பாதி உரிந்துவிட்டது. கொக்கி இல்லை, கயிறு இல்லை. நிஜக் கிரேனில் ஐம்பதில் ஒரு பங்கு என்று அடியில் சிறிய எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்த பிறகு என்னால் அதைப் பொம்மை என்று நினைக்க முடியவில்லை. ஆனாலும் ஒரு வருஷம் அலமாரி மேல் சும்மாதான் கிடந்தது.

பிறகு ஈப்போவிலிருந்து நிஜக் கிரேன் ஒன்று வந்தது. தொழிற்சாலைக்குப் புதிதாக வாங்கிய உலர்த்தும் இயந்திரத்தைக் கூரை வழியாக உள்ளே இறக்க வேண்டியிருந்தது. வேலை மூன்று நாள் நடந்தது. ஸ்டோரைத் திறந்து போட்டுவிட்டு நான் வெளியிலேயே நின்றேன். அதன் கையில் ஏழு கப்பிகள். என்னுடையதில் ஒன்று. பாரம் ஏறும்போது கை லேசாக வளைந்து கொடுத்தது, பின்னால் வைத்திருந்த இரும்புப் பாளங்கள் அதைப் பிடித்து நிறுத்தின.

அந்த மூன்று நாளும் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் என் பக்கத்தில் வந்து நின்றவர் மேல் டிவிஷன் கொழுந்து லோரி டிரைவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். எல்லாரையும் போல அவரும் என்னைக் கிராணி என்றுதான் கூப்பிடுவார்.

"யானதான் இப்படி தும்பிக்கையால வேல செய்யும்னு நெனச்சேன். இது யானையோட அண்ணனால்ல இருக்கு," என்றார்.

"எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு அண்ணே. சின்னது."

"சின்னதுன்னா?"

கையை விரித்துக் காட்டினேன்.

"அத வச்சு என்ன தூக்குவீங்க? அரிசியில கல்லா?"

அன்று மாலையே வீட்டுக்கு வந்து பார்த்தார். சங்கிலிப் பட்டையை விரலால் ஓட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "இத நிமித்திடலாம் கிராணி," என்றார். வேலை அப்படித்தான் ஆரம்பித்தது.

கை செய்வதற்கு உடைந்த குடைகள் வேண்டும் என்றேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் வீட்டில் உடைந்த குடைக்குப் பஞ்சமில்லை. அவர் தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாகக் கேட்டு ஐந்து குடைகள் கொண்டுவந்தார். குடைக்கு எட்டுக் கம்பி, ஆக நாற்பது. அதில் நேரானவை இருபத்தாறு. நீளக் கம்பிகளை நான்கு மூலைகளிலும் நிறுத்தி, மற்றவற்றைத் துண்டு துண்டாக வெட்டிக் குறுக்கே வைத்துப் பற்றவைத்தேன். குறுக்குத் துண்டுகள் மட்டும் அறுபத்து நான்கு. அவர் இடுக்கியால் பிடித்துக்கொள்வார், நான் பற்றவைப்பேன். இப்படி ஆறு வாரம்.

கப்பிக்குச் சட்டைப் பொத்தான். இரண்டு பொத்தான்களை முதுகோடு முதுகாக ஒட்டினால் நடுவில் நூல் ஓடும் பள்ளம் கிடைக்கும். ஏழு கப்பிக்குப் பதினாலு பொத்தான்.

"என் ஜாக்கெட்டுக்கு ஊக்கு. உங்க கிரேனுக்குப் பதினாலு பட்டன்," என்றாள் என் மனைவி.

"அடுத்த பொறப்புல கிரேனா பொறந்துடும்மா. கிராணி உன்ன நல்லா பாத்துக்குவாரு," என்றார் டிரைவர். அவள் அவர் முன்னால் தேநீரை வைத்துவிட்டு என் முன்னால் வைக்காமல் போனாள்.

கயிற்றுக்கு மீன் தூண்டில் நரம்பு. தானா ராத்தா டவுன் கடையில் வாங்கிய பேட்டரிக் காரைப் பிரித்து மோட்டாரை எடுத்தேன். அது வேகமாகச் சுற்றியதால், பழைய அலாரம் கடிகாரத்தின் பற்சக்கரங்கள் மூன்றை நடுவில் கோத்து வேகத்தைக் குறைத்தேன். புது மஞ்சள் வண்ணம் அடித்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கொக்கியில் ஒரு தீக்குச்சிப் பெட்டியை மாட்டி விசையை அழுத்தினேன். கிரேன் முகம் குப்புற விழுந்தது.

கை நீண்டுவிட்டது, பின்பக்கப் பாரம் பழைய அளவிலேயே இருந்தது. கிரேனின் முதுகில் பாரம் வைக்கும் பெட்டி தீப்பெட்டி அளவுதான். அதில் மணல் போட்டேன், கூழாங்கல் போட்டேன், ஸ்டோரிலிருந்து திருகாணி எடுத்துப் போட்டேன். பதினோரு முறை விழுந்தது.

"முன்னாடி தும்பிக்க நீளம். பின்னாடி சதையே இல்ல. எப்படி லா நிக்கும்," என்றார் டிரைவர்.

"ஈயம் வேணும் அண்ணே. ஆறு அவுன்ஸ்."

"லோரி பேட்டரி ஒண்ணு செத்துக்கிட்டு இருக்கு. ரெண்டு வாரம் பொறுங்க. அத ஒடச்சா ஈயந்தான்."

அந்த இரண்டு வாரம் என்னால் பொறுக்க முடியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மண்டபத்தில் கிரேனை ஓட்டிக் காட்டுவதாக நானே பலரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் சொன்ன ஈயம் நேர்வழியில் வரவிருந்தது. அதற்கு இரண்டே வாரம்தான் தேவைப்பட்டது.

எங்கள் தோட்டத்தில் கொழுந்தை டாசிங்கில்தான் நிறுப்பார்கள். அது ஒற்றைக் கோல் தராசு. கோலின் ஒரு முனையில் கூடையை மாட்டி, மறுபக்கத்தில் ஓர் இரும்பு எடைக்கல்லைக் கோலோடு நகர்த்திக்கொண்டே போவார்கள். கோல் எங்கே சமமாக நிற்கிறதோ அங்கே உள்ள கோடுதான் எடை. அந்த எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். கல்லைச் சரியான கனத்துக்குக் கொண்டுவர அந்தக் குழியில் ஈயம் ஊற்றியிருப்பார்கள். ஸ்டோர் அலமாரியில் அப்படிப்பட்ட உபரிக் கற்கள் இரண்டு கிடந்தன. கல் ஒன்று ஆறு பவுண்டு. ஏழு வருஷமாக யாரும் கேட்டதில்லை. டாசிங்கை எடுத்துவிட்டுக் கடிகாரத் தராசு வரப்போகிறது என்று வேறு பேச்சு.

வியாழக்கிழமை மதியம் ஸ்டோர் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கல்லைத் திருப்பிப் போட்டு, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஈயத்தை இளக்கித் தோண்டினேன். சரியாக ஆறு அவுன்ஸ். குழியில் தாரை நிரப்பி மேலே கரி தடவி அலமாரியில் வைத்தேன். பேரேட்டில் எடைக்கல் இரண்டு, அலமாரியிலும் இரண்டு. எண்ணிக்கை சரியாக இருந்ததால் மனம் அமைதியாக இருந்தது. கனத்தைக் குறிக்க என் பேரேட்டில் கட்டம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கிரேன் நின்றது. கால் பவுண்டுத் தேயிலைப் பொட்டலம் ஒன்றைத் தரையிலிருந்து எடுத்து, திரும்பி, மேசைமேல் வைத்தது. நாற்பத்து மூன்று விநாடி. முப்பத்தொரு பேர் பார்த்தார்கள். டிரைவர் நடுவில் நின்று, "ஒதுங்கு, ஒதுங்கு, கனம் மேல வருது. ஆத்தா, புள்ளய இழுத்துக்க," என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை விசையை அவரிடம் கொடுத்தேன். பொட்டலம் மேசையில் இறங்கியதும் பெருமையாக என்னைப் பார்த்தார். ஈயம் எங்கே கிடைத்தது என்று கேட்டார். கிடைத்தது என்றேன்.

ஒன்பது நாள் கழித்து மேல் டிவிஷன் கங்காணி ஸ்டோருக்கு வந்தார். நான் பின்மேசையில் கிரேனின் நான்காவது கப்பியில் புது நரம்பைக் கோத்துக்கொண்டிருந்தேன்.

"கிராணி, டாசிங் கல்லோட வளையம் அந்து போச்சு. மேல ஒண்ணு கெடக்குமே, எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்குங்க," என்றேன். தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் நரம்பு நழுவிவிடும். அவர் கைக்கு எட்டிய கல்லை எடுத்துக்கொண்டு போனார். பேரேட்டில் இரண்டை அடித்து ஒன்று என்று எழுதினேன்.

கல் இலேசானால், கோல் சமமாக நிற்க அதை இன்னும் தள்ளி நகர்த்த வேண்டும். எடை கூடுதலாகத் தெரியும். மறுநாளிலிருந்து மேல் டிவிஷனில் நூறு பவுண்டுக் கொழுந்து நூற்றாறுக்கு மேல் காட்டியது. எடைக்குத் தகுந்த கூலி என்பதால் பறித்த பெண்களுக்கு மகிழ்ச்சி. அவர்கள் ஏன் கேள்வி கேட்கப் போகிறார்கள்? அந்தக் கொழுந்து லோரியில் இறங்கி வந்து தொழிற்சாலையில் மறுபடி நிறுக்கப்பட்டபோது நூற்றுக்கு ஆறு குறைந்தது.

முதல் வாரம் மழை. ஈரம் வடிந்திருக்கும் என்றார்கள். இரண்டாம் வாரம் நல்ல வெயில், அப்போதும் குறைந்தது. தினமும் பத்து மணிக்கு என்னோடு தேநீர் குடிக்கும், தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர், "கீழ் டிவிஷன் சரியா இருக்கு கிராணி. மேல் டிவிஷன்தான் நூத்துக்கு ஆறு போவுது," என்றார். நூற்றுக்கு எவ்வளவு என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவனே நான்தான். பதினோரு நாள் அந்த ஆறு என் காதில் விழுந்தது. ஆறு பவுண்டுக் கல்லில் ஆறு அவுன்ஸ் எடுத்தவனுக்கு அது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சந்தேகம் லோரி மேல் விழுந்தது. மேல் டிவிஷனிலிருந்து தொழிற்சாலைக்குப் பதினாலு வளைவுகள். ஒன்பதாவது வளைவில் டிரைவர் லோரியை நிறுத்துவார் என்று யாரோ துரைக்குப் பிறகு வந்த புது மேனேஜரிடம் சொல்லிவிட்டார்கள். நிறுத்துவது உண்மைதான். கொழுந்து மேல் போர்த்திய வலை அந்த மேட்டில் தளரும், இறங்கி மறுபடி இழுத்துக் கட்டுவார். ஆனால் அந்த வளைவுக்குக் கீழே ஒரு சின்ன எஸ்டேட் இருந்தது. அங்கே கொழுந்தை விற்கிறார் என்று பேச்சு கிளம்பியது.

பதினாறாம் நாள் மதியம் ஸ்டோரில் சாமான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மிச்சமிருந்த எடைக்கல்லைத் தூசி தட்டத் தூக்கினேன். அடியில் ஈயம் பளிச்சென்று இருந்தது. அது தோண்டாத கல். அப்படியானால் தார் அடைத்த கல் எங்கே? "எடுத்துக்குங்க" என்று நான் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. 

உடனே மேனேஜரிடம் போயிருக்க வேண்டும். ஆபீசுக்கு எண்பத்தெட்டு எட்டுதான். நான் போனது வேறு திசையில். நல்ல கல்லைச் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு, குடையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மைல் மேலே ஏறினேன். அன்றைய நிறுவை முடிந்து எடைக் கொட்டகையில் யாரும் இல்லை. கல்லை மாற்றினேன், பழைய கல்லோடு இறங்கி வந்தேன். நாளையிலிருந்து எடை சரியாகிவிடும், குறைச்சல் நின்றுவிடும், டிரைவரை எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கிரேனிலிருந்து ஈயத்தை எடுத்துப் பால் டின்னில் உருக்கி அந்தக் கல்லின் குழியில் திரும்ப ஊற்றினேன். அதையும் அலமாரியில் வைத்தேன்.

மேனேஜரும் அதே நாளில் ஒரு முடிவு எடுத்திருந்தார். எனக்கு அது தெரியாது. மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, ஒரு வாரத்துக்கு வேறு ஆள் லோரி ஓட்டட்டும், குறைகிறதா பார்ப்போம் என்று அறிவித்தார்கள். வேறு ஆள் ஓட்டினார். அன்றைக்குக் குறையவில்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை.

டீமேக்கர் தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார். "பாத்தீங்களா கிராணி. ஆள மாத்தின அன்னைக்கே நின்னு போச்சு. இனி என்ன சாட்சி வேணும்?"

நான் என் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைக் காப்பாற்றப் போட்ட கல்தான் அவருக்கு எதிரான சாட்சி.

மூன்றாம் நாள் சாயங்காலம் டிரைவரும் கங்காணியும் என் வீட்டுக்கு வந்தார்கள். தோட்டத்தில் யாருக்காவது துரையிடம் சங்கடம் என்றால் கிராணியிடம் வந்து இங்கிலீஷில் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டு போவது வழக்கம். தப்புச் செய்தாரா இல்லையா என்பது அதில் முக்கியமில்லை. மன்னிப்புக் கேட்டால் விஷயம் முடிந்தது, அவ்வளவுதான். அப்படி இருபத்தாறு கடிதம் எழுதியிருந்தேன். இது இருபத்தேழாவது.

"வித்தேன்னு எழுத வேணாம். வலைய ஒழுங்கா கட்டல, வழியில கொட்டிப் போச்சு, மன்னிக்கணும்னு எழுது. மன்னிப்புக் கேட்டவன எந்தத் துரையும் வெளிய போட்டதில்ல," என்றார் கங்காணி.

"நான் ஒம்பதாவது வளைவுல எறங்கி மறுபடி கட்டுறவன். கட்டலைன்னு எப்படி எழுதுறது?"

"இங்கிலீஷ்லதானே எழுதுறாரு. ஒனக்கு என்னா நோவுது?"

டிரைவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க கிராணி. படிச்சவரு நீங்க. எழுதலாமா?"

என் மனைவி சமையலறையில் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் காத்திருந்தோம், நானும்தான், யாரோ பதில் சொல்லப் போவதைப் போல.

"எழுதலாம்," என்றேன்.

பதினோரு வரி. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பேர். அவர் கீழே தமிழில் கையொப்பம் வைத்தார். போகும்போது, "ஒருவேள சரியா கட்டாமத்தான் விட்டுட்டனோ," என்று கங்காணியிடம் கேட்டுக்கொண்டே படி இறங்கினார்.

புது மேனேஜருக்குப் பழைய வழக்கம் தெரியாது. அவர் அதை மன்னிப்பாகப் படிக்கவில்லை, ஒப்புதலாகப் படித்தார். மறுநாள் பெரட்டில் அறுபத்திரண்டு பேர் முன்னால் அந்தக் கடிதத்தைத் தமிழில் சொல்லி, டிரைவரை லோரியிலிருந்து எடுத்து மருந்தடிக்கும் கும்பலில் போட்டார்கள். அவர் முதுகில் கட்டிய பம்பு என் ஸ்டோரிலிருந்து போனது. நான்தான் எண்ணிக் கொடுத்தேன். அப்போது நான் பேசியிருக்கலாம். ஒவ்வொரு நாள் காலையும் பேசியிருக்கலாம். எனக்கும் வேலை, வீடு, மனைவி. சொன்னால் என் பேர் போகும், அவர் பேர் திரும்புமோ திரும்பாதோ என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் எப்போதும் எனக்குச் சாதகமாகவே விடை வந்தது.

இரண்டு மாதத்தில் அவருக்கு மருந்து வாடை ஒத்துக்கொள்ளாமல் இருமல் பிடித்தது. வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். திரிங்காப்பில் தௌக்கே என்று கூப்பிடும் ஒரு காய்கறி முதலாளியிடம் லோரி ஓட்டப் போனார். மேல் டிவிஷனில் கொழுந்து பறித்த அவர் மனைவியும் கூடவே போனாள். போவதற்கு முதல் நாள் என் வீட்டுக்கு வந்தார்.

"கிரேன ஒரு வாட்டி ஓட்டிக் காட்டுங்க கிராணி."

"அது இப்ப நிக்காது அண்ணே."

"ஏன்? ஈயம் எங்க?"

"வேற வேலைக்கு எடுத்துட்டேன்."

"அடப் பாவமே. அவ்ளோ கஷ்டப்பட்டு செஞ்சோம்." கையின் நுனியை விரலால் தொட்டார். "நான் பேட்டரி ஈயம் கொண்டாறேன். அங்கயும் லோரிதானே."

அவர் கொண்டுவரவில்லை. நான் கிரேனைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். அதன் பிறகு அதற்கு ஒரு திருகாணிகூடப் போட்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் கியா பார்மில் பஸ்ஸுக்கு நின்றேன். எதிரே ஒரு லோரியில் முட்டைக்கோசுக் கூடைகளை ஏற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். ஒரு கயிறு கட்டி முடித்து, அதன் மேல் இரண்டாவது, அதன் மேல் மூன்றாவது. மூன்றாவது கயிற்றில் திரும்பியபோதுதான் முகம் தெரிந்தது. எட்டு வருஷம் ஆகியிருந்தது.

"கிராணி, நரச்சிட்டீங்க."

"நீங்களும்தான் அண்ணே. எதுக்கு மூணு கயிறு?"

"பழக்கமாப் போச்சு. அன்னைக்கு வலைய ஒழுங்கா கட்டாமத்தானே வேல போச்சு." முடிச்சை இழுத்தார். "ரொம்ப நாள் நான் சரியாத்தான் கட்டினேன்னு நெனச்சேன் கிராணி. அப்புறம் யோசிச்சேன். நீங்களே எழுதினீங்க. படிச்ச மனுசன் தெரியாமலா எழுதுவாருன்னு."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. லோரியின் நிழலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஈயம், தார், "எடுத்துக்குங்க" என்றது, மழையில் கல்லை மாற்றியது. அவர் கயிற்று நுனியைப் பிடித்தபடியே கேட்டார்.

"லெட்டர் எழுதும்போது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தன நாளா?"

"மூணு நாளா."

கயிற்றை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சு விழ நேரம் பிடித்தது.

"ஏறுங்க. அவகிட்ட வந்து சொல்லுங்க," என்றார்.

திரிங்காப் வரை ஓட்டிக்கொண்டு போனார். நான் வளைவுகளை எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. அவர் மனைவி ஒரு கொட்டகையில் சாமந்திப் பூக்களைப் பத்துப் பத்தாகப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க கிராணி ஐயா," என்று முக்காலியைத் தட்டிப் போட்டாள். நான் உட்காரவில்லை. மறுபடி எல்லாம் சொன்னேன். கேட்டபடியே அவள் நாலு கட்டுச் சுற்றி முடித்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"எத்தன வருசம் கேட்டேன் ஒன்ன. வித்தியா, விழுந்துச்சான்னு."

"விழுந்துச்சுன்னுதானே சொன்னேன்."

"நம்பலியே நான்." பேப்பரை மடித்தாள். "நீ வித்துட்டுப் பொய் சொல்றன்னுதான் இருந்தேன்."

அவர் வெளியே போய் லோரியின் பலகையைத் திறந்தார், மூடினார். அவள் என் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"பெரட்டுலதானே அத்தன பேர் முன்னாடி சொன்னாங்க. அங்கயே போய்ச் சொல்லுங்க. எங்கிட்ட சொல்லி என்னா ஆவும்?"

சொல்கிறேன் என்று வந்தேன். ஒன்பது நாள் சொல்லவில்லை. பத்தாம் நாள் காலை முதலில் ஆபீசுக்குப் போனேன். அப்போது இருந்தவர் மூன்றாவது மேனேஜர். பழைய விஷயத்தை ஏன் கிளறுகிறீர்கள் என்றார். அந்தக் கடிதம் இருந்த ஃபைலைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கிருந்து மேல் டிவிஷனுக்கு ஏறினேன்.

பெரட்டில் ஆட்கள் கூடையும் கத்தரியுமாக நின்றிருந்தார்கள். நான் நாலு வாக்கியம் சொன்னேன். எடைக்கல்லில் ஈயத்தை எடுத்தவன் நான். எடை தப்பானது அதனால். லோரி டிரைவர் கொழுந்தை விற்கவுமில்லை, கொட்டவுமில்லை. அந்த மன்னிப்புக் கடிதத்தைத் தெரிந்தே பொய்யாக எழுதியவனும் நான்தான்.

 ஒரு மூத்த அம்மாள், "அதான் அந்த ரெண்டு வாரம் என் கூடைக்கு அவ்ளோ எட வந்துச்சா. நான் என் கையத்தான் மெச்சிக்கிட்டுத் திரிஞ்சேன்," என்றாள். சிரித்தார்கள். இன்னொருத்தி, "அந்த எடையத் திருப்பிக் கேட்டுடாதீங்க கிராணி. கொழுந்து எப்பவோ தண்ணியில கரஞ்சு போச்சு," என்றாள். அதற்கும் சிரித்தார்கள். வேலைக்கு நேரமாச்சு என்று கங்காணி கைதட்டினார். எல்லாரும் மலை ஏறிப் போனார்கள். எனக்குத் திட்டாவது கிடைக்கும் என்று நினைத்திருந்தேன்.

அவர்கள் போகும்போது எண்ணினேன். கடிதம் படிக்கப்பட்ட காலையில் அங்கே நின்றிருந்த அறுபத்திரண்டு பேரில், இப்போது நான் சொன்னதைக் கேட்டவர்கள் பத்தொன்பது பேர். மற்ற நாற்பத்து மூன்று பேரும் இந்த எட்டு வருஷத்தில் வேறு தோட்டம், வேறு ஊர் என்று போய்விட்டார்கள். அவர்களோடு டிரைவரைப் பற்றிய பேச்சும் போயிருக்கும். அங்கே யாரிடம் சொன்னார்களோ, சொன்னவர்கள் இன்னும் யாரிடம் சொன்னார்களோ.

பேர்களை ஒரு நோட்டில் எழுதினேன். ஒருவர் பேர் ஞாபகம் வராமல் நாலு மாதம் தேடினேன். கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரியில், தானா ராத்தா பஸ் நிலையத்தில், பார்த்த இடத்தில் நிறுத்திச் சொன்னேன். சிலர் எந்த டிரைவர் என்று கேட்டார்கள். ஒருவர், "அந்தக் கொழுந்து வித்த ஆளா?" என்றார். அவருக்கு மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. நான் பெரட்டில் பேசியதை யாரோ டிரைவரிடம் போய்ச் சொன்னார்களாம். கேட்டுக்கொண்டாராம். அவரைத் தேடிப் போய் மறுபடி முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அவருடைய சாவுச் செய்தியும் ஆறு நாள் கழித்துத்தான் கிடைத்தது.

நாற்பத்து மூன்றில் இதுவரை பதினாலு பேரிடம் சொல்லிவிட்டேன். ஒன்பது பேர் நான் போவதற்குள் இறந்துவிட்டார்கள், டிரைவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே. இன்னும் இருபது பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. எனக்கு இப்போது பஸ் ஏறி இறங்க முடிவதில்லை. அந்த இருபது பேரில் ஒருவர் நீங்களாக இருந்தால், கொழுந்து குறைந்தது எடைக்கல்லில், லோரியில் அல்ல. தெரிந்துகொண்டதாக ஒரு வரி எழுதிப் போடுங்கள். நோட்டில் பத்தொன்பது என்று திருத்திக்கொள்வேன்.